பாயை விரிச்சதோட சரி

காணை,
ஞாயித்துக்கிழமை ராத்திரி.

அடி என் கண்ணு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "இன்னாடி, எக்சர்சைஸ் எல்லாம் ஜோரா நடக்குதா?"ன்னு நீ கேட்ட தோரணை இருக்கே, திண்டிவனத்துல உக்காந்துக்கிட்டே என் இடுப்பை அளந்து பாக்குற தோரணை. ஃபோன்ல பதில் சொன்னா நீ நடுவுல நடுவுல சிரிச்சு என்னைப் பேச விடமாட்ட. அதான் லெட்டர். காலேஜ் லீவுல பக்கம் பக்கமா எழுதுவோமே, அப்படியே எழுதறேன். ஒரு காபி போட்டு வெச்சுக்கிட்டுப் படி.

ஆரம்பிச்சு வெச்சது நம்ம மாத்திரை அக்கா. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு கொண்டு வந்தாங்களே, அதுல மாமியாருக்கு பிரஷர் மாத்திரை வீடு தேடி வந்துடுது. அந்தக்கா மாமியாருக்குப் பாத்துட்டு, காபி கொண்டு போன என் கையையும் இழுத்துப் பட்டையைச் சுத்திட்டாங்க. பிரஷர் எல்லையில நிக்குதாம். விரல்ல குத்திப் பாத்தா சர்க்கரையும் அதே எல்லையிலதான். "மாத்திரை இப்ப வேணாம்மா. தினம் அரை மணி நேரம் உடம்பை அசை. உப்பைக் கொற. அப்புறமா பாக்கலாம்"னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

அவங்க சொன்னது அவ்வளவுதான்டி. உடம்பை அசை. எப்படி அசைக்கறதுன்னு நாங்க தேடப் போனோம் பாரு, அங்க புடிச்சுது சனி.

என் பொண்ணு ஃபோனை எடுத்து, "வீட்டிலேயே உடற்பயிற்சி, பெண்களுக்கு"ன்னு தமிழ்லயே அடிச்சா. வந்து விழுந்தது பாரு! ஏழே நாள்ல தொப்பை கரைய. நாற்காலியில உக்காந்தபடியே செய்ய. படுத்தபடியே செய்ய. சுவத்துல சாஞ்சு செய்யற பிலாட்டிஸ். குத்துப்பாட்டு ஸும்பா. "நாப்பது வயசுக்கு மேல பொம்பளைங்க இதைச் செய்யவே கூடாது"ன்னு ஒருத்தி கண்ணை உருட்டுறா. அடுத்த வீடியோவுல இன்னொருத்தி "நாப்பது வயசுக்கு மேல இதை மட்டும் செஞ்சா போதும்"ங்கறா. ரெண்டு பேரும் காட்டினது ஒரே பயிற்சி, சத்தியமா. விழுப்புரம் ஜவுளிக்கடையில எல்லாப் புடவையையும் எடுத்துப் போடச் சொல்லிட்டு, கடைசியில ஜாக்கெட் பிட்டோட வெளிய வருவோமே நம்ம ரெண்டு பேரும், அந்தக் கதைதான் ஆச்சு எனக்கு. விரிச்ச பாய் விரிச்சபடி கிடக்கும். நான் அது மேல சம்மணம் போட்டு உக்காந்து அரை மணி நேரம் வீடியோ பொறுக்குவேன். அதுக்குள்ள குக்கர் விசில் வந்துடும்.

அப்புறம் பொண்ணு ஒரு ஆப்பை இறக்கிக் குடுத்தா. பேரு வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். அது என்கிட்ட கேட்ட கேள்விங்களை நம்மளைப் பொண்ணு பாக்க வந்தவங்க கூடக் கேக்கல. எத்தனை மணிக்குத் தூங்குவீங்க, தண்ணி எவ்வளவு குடிப்பீங்க, மனசு சோர்வா இருக்கா, உங்க கனவு உடம்பு எது? கனவு உடம்புன்னு நாலு படம் போட்டிருந்தான். அதுல ஒருத்தி கூட ரெண்டு பெத்தவளாத் தெரியல. எல்லாத்துக்கும் பொறுப்பா பதில் சொல்லி முடிச்சா, கடைசிப் பக்கத்துல பணம் கட்டுங்கறான். என் பொண்ணு, "அம்மா, இது கூடத் தெரியாதா உனக்கு?"ன்னு ஃபோனைப் புடுங்கிக்கிட்டா.

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? மெட்ராஸ் நாத்தனார் ஸும்பான்னா. பெங்களூர் ஓரகத்தி, "அக்கா, கார்டியோவே வேஸ்ட்டு, வெயிட் தூக்கணும்"னா. எங்க வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி இறங்குன்னாரு. எங்க வீட்ல இருக்கற படி எத்தனைன்னு உனக்கே தெரியும். தம்பி எனக்கு ஆன்லைன்ல ரப்பர் பட்டை வாங்கி அனுப்பினான், ரெசிஸ்டன்ஸ் பேண்டாம், பச்சை, நீலம், செவப்புன்னு கலருக்கு ஒரு இழுவிசை. அதுல நீலம் இப்ப எங்க இருக்கு தெரியுமா? எங்க வீட்டுக்காரரோட டிவிஎஸ் எக்ஸ்எல்லுல, மாட்டுத்தீவன மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துது. நல்லா தாங்குதுன்னு சர்டிபிகேட் வேற குடுக்கறாரு.

நான் என்ன பண்ணேன், லைப்ரரியில மத்தியானம் ஆள் வராத நேரத்துல இந்தச் சங்கதியையே தோண்டிப் படிக்க ஆரம்பிச்சேன். செய்யறதுக்குப் பதிலா படிக்கறது நமக்குக் கை வந்த கலையாச்சே. படிக்கப் படிக்கத் தெரியுது, வீட்டுக்குள்ள இருக்கறவனைத் தேடி வந்து உடற்பயிற்சி விக்கிறது நேத்து ஆரம்பிச்ச யாவாரம் இல்லடி. யூஜின் சாண்டோன்னு ஒரு ஜெர்மன் பயில்வான் 1904, 1905 வாக்குல இந்தியாவெல்லாம் சுத்தி வந்து தன் உடம்பைக் காட்டிட்டுப் போயிருக்கான். சுருள்கம்பி வெச்ச டம்பெல், பாடம், புத்தகம்னு எல்லாத்தையும் தன் பேர்லயே வித்தவன். கோயம்புத்தூர் சின்னப்பா தேவர் பேருக்கு முன்னால சாண்டோ நிக்குதே, இவன் கணக்குதான் அது. நம்ம ஆம்பளைங்க போடற கையில்லாத பனியனும்! அதுக்கப்புறம் 1930கள்ல பெங்களூர்ல கே.வி. ஐயர்னு ஒருத்தர், ஹெர்குலிஸ் ஜிம்னாசியம்னு வெச்சிருந்தவர், தபால்லயே உடற்பயிற்சிப் பாடம் நடத்தியிருக்காரு. காசு கட்டினா பாடம் கவர்ல வரும். ஆனா ஒண்ணு கவனி, ஐயர்கிட்ட சேந்தவனுக்கு ஐயர் பாடம் மட்டும்தான் வரும். பக்கத்துலயே இன்னொரு கவர் எட்டிப் பாத்து "ஐயர் சொல்றது தப்பு, என்னைப் பிரி"ன்னு சொல்லாது.

இப்ப என் கடுப்பே அதுதான். நாம ஒண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல அடுத்தது வந்து நின்னு, நீ பாக்கறது வேஸ்ட்டுன்னு சொல்லுது. சொல்றதுலயும் பாதி அரைகுறை. டபாட்டா டபாட்டான்னு ஒண்ணு காட்டுறாங்களே, சில பேர் நாப்பது நிமிஷ டபாட்டா கூடப் போடறாங்க. இஸுமி டபாட்டான்னு ஒரு ஜப்பான்காரர் 1996ல எழுதினது அது. ஐஸ் மேல ஸ்கேட்டிங் பந்தயம் ஓடற டீமுக்கு அவங்க கோச் குடுத்த பயிற்சியைச் சோதிச்சுப் பாத்திருக்காரு. 20 செகண்ட் உயிரைக் குடுத்து சைக்கிள் மிதி, 10 செகண்ட் நிறுத்து, அந்த மாதிரி எட்டுத் தடவை வரைக்கும். மொத்தம் 4 நிமிஷம்! அதுக்கு மேல முடிஞ்சா நீ செஞ்சது டபாட்டாவே இல்ல. ஒலிம்பிக்ஸ் தரத்துப் பசங்களுக்கானதை, நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு நிக்கற நம்ம கிட்ட கொண்டு வந்து நீட்டுறான்.

இந்தப் பத்தாயிரம் அடி கதை அதை விடக் கேடு. உங்க ஆபீஸ்ல ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு ஹால்ல சுத்தி சுத்தி நடந்து பத்தாயிரத்தை முடிப்பான்னு சொன்னியே. அவகிட்ட சொல்லு, அந்தப் பத்தாயிரம் பெரிய ஆராய்ச்சியில வந்த நம்பர் இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டோட, 1965ல ஒரு ஜப்பான் கம்பெனி அடி எண்ணுற மெஷின் வித்துது. அந்த மெஷினுக்கு வெச்ச பேரே பத்தாயிரம் அடி மீட்டர். பேருக்கு வெச்ச நம்பரை உலகமே புடிச்சுக்கிச்சு. 2019ல ஹார்வர்டுல ஐ-மின் லீங்கற அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் வயசான பொம்பளைங்க 16,000 பேருக்கு மேல வெச்சுப் பாத்திருக்காங்க. தினம் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்க சாவு நல்லாவே கொறஞ்சிருக்கு. 7,500 வாக்குல போனதும் அதுக்கு மேல நடந்தும் கூடுதலா ஒண்ணும் லாபம் தெரியல. 4,400 அடின்னா பெரிய தூரமா சொல்லு? இதை எந்த வீடியோவாவது பெரிய எழுத்துல போடுதா?

தோப்புக்கரணத்தைக் கூட விட்டு வெக்கலடி. பிலிப்பைன்ஸ்ல ஒரு குரு அதுக்கு "சூப்பர் பிரெய்ன் யோகா"ன்னு பேர் வெச்சுப் புத்தகமே போட்டிருக்காரு. கணக்கு வாத்தியார் நம்மளைப் போடச் சொன்னதுக்கெல்லாம் காசு வாங்கியிருக்கணும் நாம.

மாமியார் இதையெல்லாம் கேட்டுட்டு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டாங்க. "நாங்க அம்மியில அரைச்சோம், நாத்து நட்டோம், எங்களுக்கு எவ எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தா?" இது உங்க வீட்லயும் ஓடற வசனம்தான். பேஸ்புக்ல கூட அம்மியைப் படம் போட்டு உருகறாங்க. நானும் சும்மா இருக்கல. "அத்தை, நாத்து நட்ட உங்க முதுகு இப்ப நிமிருதா? முட்டியைப் புடிக்காம எழுந்திருக்க முடியுதா?"ன்னு கேட்டுட்டேன். நாள் முழுக்கச் சேத்துல குனிஞ்சு பின்னாடியே நடக்கறது உழைப்பு. அதுல எந்த மூட்டு தேயும்னு யாரும் அவங்களைக் கேக்கவும் இல்ல, சொல்லிக் குடுக்கவும் இல்ல. உடம்பைத் தேய்க்கிறதும் உடம்பைத் தேத்தறதும் ஒண்ணுன்னு பேசறவங்க ஒரு நாளாவது நடவுக்குப் போயிருக்கணும். அத்தை ஒரு வாரம் என்கூட முகம் குடுத்துப் பேசல. அப்புறம் அவங்களே ராத்திரி வந்து, "அந்த நாற்காலியில உக்காந்து செய்யறது காட்டு"ன்னாங்க. வெளிய சொல்லாத.

இதுக்கு நடுவுல சித்தியைப் பாக்க விழுப்புரம் போனேன். சித்தி வருஷக்கணக்கா மனவளக்கலை மன்றத்துக்குப் போறாங்க. கூடுவாஞ்சேரி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை வேதாத்திரி மகரிஷி வகுத்து வெச்சது, தெரியுமில்ல? கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சு, கண்ணு, கபாலபதி, மகராசனம், உடம்பு தேய்க்கறது, அக்குபிரஷர், கடைசியா மல்லாக்கப் படுத்து உடம்பைத் தளர்த்தறது. ஒம்போது. இந்த வரிசை மாறாது. சித்தி அங்க சேந்த காலத்துல எதுவோ, இன்னைக்கும் அதேதான். காந்தம், வான்காந்தம்னு அவங்க பேசற தத்துவம் எனக்குப் புடிபடல, அதை நான் ஒத்துக்கவும் இல்ல. ஆனா "சித்தி, எதைச் செய்யறதுன்னு உனக்குக் குழப்பமே வராதா?"ன்னு கேட்டதுக்கு அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாரு. "குழம்பறதுக்கு என்ன இருக்கு? போனா அவங்க சொல்லுவாங்க. போவலன்னா ஃபோன் பண்ணுவாங்க."

போவலன்னா ஃபோன் பண்ணுவாங்க! எந்த வீடியோக்காரி எனக்கு ஃபோன் பண்ணுவா?

விழுப்புரத்துப் பிள்ளைங்க மல்லர் கம்பம் ஏறறதை நீ பாத்திருக்கியா? தமிழ்நாட்டுலயே அந்த விளையாட்டுக்குப் பேர் வாங்கின ஊர் நம்ம விழுப்புரம்தான், நமக்குத்தான் அருமை தெரியல. 2020 கடைசியில கேலோ இந்தியா போட்டியில களரி, கட்கா கூட அதையும் சேத்துக்கிட்டாங்க. வழுவழுன்னு விளக்கெண்ணெய் தடவின ஒரு மரம். பொட்டைப் புள்ளைங்களுக்கு அதே வித்தை கயித்துல. கால் கட்டை விரல் இடுக்குல கயித்தைக் கவ்விக்கிட்டுத் தலைகீழா நிக்குதுங்க, பாக்கற நமக்குத்தான் வயித்தைப் பெரட்டுது. இருக்கறது ஒரே கம்பம், ஒரே கயிறு. மாஸ்டர் "ஏறு"ம்பார், ஏறும். இறங்கின புள்ளை வரிசையில பின்னாடி போய் நிக்கும். அதுங்ககிட்டப் போய் "உன் கனவு உடம்பு எது?"ன்னு கேட்டா சிரிக்கும்.

ஆனா ஒரு விஷயம் உன்கிட்ட மட்டும் சொல்றேன், நீதான் இதைப் புரிஞ்சுக்குவ. என் பொண்ணு அன்னைக்கு அடிச்ச வரியில முதல் வார்த்தை என்ன? "வீட்டிலேயே." நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். வெளிய நடக்க எனக்கு வழி இல்ல, அதான். ரோடு இருக்கு, நல்ல தார் ரோடு. ஆனா நம்ம ஊர்ல ஒரு பொம்பளை கையில ஒண்ணும் இல்லாம, சும்மா, கையை வீசி நடந்தா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? முதல் நாள் போனேன். டீக்கடை தாண்டல, "எங்கம்மா கெளம்பிட்ட?" அடுத்த திருப்பத்துல, "வீட்ல சண்டையா?" மூணாவது ஆளு நேராவே, "சர்க்கரையா?" சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சர்க்கரைன்னு என் அம்மா ஊர் வரைக்கும் சேதி போயிடுச்சு. அம்மா அழுதுக்கிட்டே ஃபோன் பண்றாங்க.

அத்தையோட கூட்டாளிங்க நூறு நாள் வேலைக்கு விடியக்காலையில மம்முட்டியும் கூடையுமா கும்பலா போவாங்களே, 2006ல அந்தத் திட்டம் முதல்ல வந்த மாவட்டங்கள்ல நம்மளதும் ஒண்ணு, அவங்களை எவனாவது எங்க போறன்னு கேட்டிருக்கானா? வேலைக்குப் போற பொம்பளைக்கு ரோடு உண்டு. தண்ணிக்கு, ரேஷனுக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கும் உண்டு. தனக்காக நடக்கறவளுக்குத்தான் இல்ல. 2016ல ஜெயலலிதா 500 ஊராட்சிக்கு அம்மா பூங்கா, அம்மா ஜிம்முன்னு அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ஜிம்முக்குள்ள புடவை கட்டின ஒருத்தி நுழைஞ்சு நீ எங்கயாவது பாத்திருக்கியா? 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கினாங்க. நல்ல வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பாதைக்குப் போய் நடக்கறதுக்கு நான் முதல்ல பஸ் ஏறணும்.

அதனால ஃபோனுக்குள்ள ஆயிரம் வழி எனக்கு. கதவுக்கு வெளிய ஒரு வழி கிடையாது. அந்த ஆயிரத்துல எது நல்லதுன்னு தேடித் தேடி நான் களைச்சுப் போனதெல்லாம், அந்த ஒண்ணைக் கேக்கத் துணிச்சல் வராமத்தானோ என்னவோ.

சரி, கதைக்கு வரேன். ஒரு யுக்தி பண்ணேன். மறுபடி கெளம்பறப்ப கையில ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கிட்டேன். வெறும் பை. நீ நம்பமாட்ட, ஒருத்தர் கேக்கல! கடைக்குப் போறேன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. போறப்ப வெறும் பை, வரப்பவும் வெறும் பை, அதை யாரு பாக்கறா? கரும்பு டிராக்டர் வர்றதுக்கு முன்னாடி போயிட்டுத் திரும்பிடுவேன். முண்டியம்பாக்கம் ஆலைக்கு லோடு போற நாள்ல ரோட்டுல கால் வெக்க முடியாது.

நாலு நாள் பொறுத்து டெய்லர் அக்கா புடிச்சுட்டாங்க. "தினம் என்னா வாங்கற?"ன்னு பைக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டாங்கடி. உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவங்களும் ஒரு பையோட வந்து நிக்கறாங்க. தையல் மெஷின்ல உக்காந்து உக்காந்து அவங்களுக்கும் கால் வீக்கம். அப்புறம் சத்துணவு ஆயா. அப்புறம் எதிர்வீட்டு மருமவ, அவ மாமியாருக்குத் தெரியாம, பால் ஊத்தப் போறேன்னு சொல்லிட்டு. மாத்திரை அக்காவும் வேலைக்குப் போற நாள்ல பாதி வழி கூட வர்றாங்க. நாலஞ்சு பேர் ஆனதும் பை தேவைப்படல. கும்பலைப் பாத்து யாரும் கேள்வி கேக்கறதில்ல, வழி விடறாங்க. டீக்கடையில மட்டும் ஒரு பெருசு, "லேடீஸ் பட்டாலியன் வருது"ன்னாரு. டெய்லர் அக்கா நின்னு, "நீயும் வரியா, உன் பொண்டாட்டியை அனுப்பறியா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அவர் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிறாரு.

வெயிட் தூக்கணும்னு ஓரகத்தி இன்னும் வீடியோ அனுப்பறா. அதுவும் உண்மைதான், எலும்புக்கு அது வேணுமாம், உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கறதோட ரெண்டு நாள் தசைக்கும் வேலை குடுங்கன்னு 2020ல சொல்லியிருக்கு. பாக்கலாம். சத்துணவு ஆயா அரிசி மூட்டையைத் தூக்கற லாவகத்தைப் பாத்தா, மாஸ்டர் வெளியில தேட வேண்டியதில்லன்னு தோணுது.

இரு, முக்கியமானது விட்டுட்டேன். நம்ம கூடப் படிச்சாளே, ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுவோமே, அவ பொண்ணு கல்யாணம் நின்ன கதை. மாப்பிள்ளை வீட்ல ஏதோ சொல்லி, இவ அப்பன் ஏதோ சொல்லி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் வேற குடுத்துட்டாங்களாம். நேத்து நடக்கறப்ப டெய்லர் அக்கா அதை ஆரம்பிச்சாங்க. தாம்பூலம் மாத்தின அன்னைக்கு என்ன ஆச்சுன்னு வர்ற இடத்துல வீடு வந்துடுச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு யாரும் வரல, பாவி, எனக்குத் தலையே வெடிக்குது. எதிர்வீட்டு மருமவ இப்பத்தான் சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்கே போலாமா?"ன்னு கேட்டுட்டுப் போறா. முழுக்கதையும் கேட்டுட்டு நாளைக்கு ராத்திரி ஃபோன் பண்றேன், எடு.

உன்,
பட்டாலியன்காரி